செவ்வாய்க்கிழமை தன்னம்பிக்கை வகுப்பு

குருபரப்பள்ளி சமுதாயக் கூடத்தில் இருபத்தைந்து நாற்காலிகள் போட்டிருந்தன. மூன்றில்தான் ஆள் இருந்தது. அந்த மூவரில் ஒருத்தி கிருஷ்ணகிரி பஸ்ஸுக்குக் காத்திருந்தவள். இன்னொருத்தி ஜூன் மாத வெயிலுக்கு ஒதுங்கியவள். மூன்றாவது அம்மாள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

ரத்தினவேல் கையிலிருந்த தாளைப் பார்த்து வாசித்தார். "நான் வலிமையானவள். என்னால் முடியும். எல்லாரும் சத்தமாச் சொல்லுங்கம்மா."

"சார், நீங்க சொன்னதே கேக்கல," என்றாள் பஸ்ஸுக்குக் காத்திருந்தவள். "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

ரத்தினவேல் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னார். இந்த முறை சத்தம் இன்னும் குறைந்துவிட்டது. அதற்குள் பஸ் வந்தது. வகுப்பில் மூன்றில் ஒரு பங்கு எழுந்து ஓடியது.

ரத்தினவேல் வாத்தியார் இல்லை. ஓசூரில் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருஷம் இரும்பில் துளை போட்டவர். அந்த வேலைக்கு ஒரு ரோபோ வந்து சேர்ந்தது. அது டீ குடிக்கப் போகவில்லை, தீபாவளிக்கு ஊருக்குப் போகிறேன் என்று லீவு கேட்கவில்லை. கூட இருந்த பதினோரு பேரையும் கையில் ஆளுக்கொரு கவரைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மிச்சமிருந்த ரத்தினவேலை, கிராமத்துப் பெண்களைக் கைதூக்கிவிடக் கம்பெனி நடத்தும் 'எழுக பெண்ணே' திட்டத்துக்குத் தன்னார்வலராகப் போட்டார்கள்.

அவருக்கு அதில் ஆர்வம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. யாரிடமும் எதையும் சொல்லும் சுபாவம் அவருக்குக் கிடையாது. அவருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்த மனைவி வீரலட்சுமி மூன்று வருஷத்துக்கு முன்னால் போய்ச்சேர்ந்தாள். அன்றிலிருந்து அந்த வாடகை வீட்டில் குக்கர் விசிலைத் தவிர வேறு பேச்சு இல்லை.

போன் அடித்தது. திட்டத்துக்கு மேனேஜர் பிரதாப். ரத்தினவேல் வேலைக்குச் சேர்ந்தபோது தொட்டிலில் கிடந்திருக்கக்கூடிய வயசு.

"சார், வகுப்பு போட்டோல இருபது தலை இல்லாட்டி கம்பெனி ஆப்புல ரெட் விழுது. ரெண்டு வாரம் விழுந்தாச்சு. இந்த வாரமும் விழுந்தா சென்டரை க்ளோஸ் பண்ணச் சொல்லிருவாங்க."

"க்ளோஸ் பண்ணிட்டா எனக்கு என்ன வேலைங்க சார்?"

"அதான் சார்," என்றான் பிரதாப்.

மகள் தர்ஷினி சேலத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். படிப்பு முடிய இன்னும் இரண்டு வருஷம். ரத்தினவேல் ஓய்வு பெறவும் சரியாக இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷத்தை எப்படியாவது ஓட்டிவிட வேண்டும் என்பதுதான் அவர் வாழ்க்கையில் பாக்கியிருந்த ஒரே ஆசை.

கூடத்தைப் பூட்ட வந்த செல்வம்மாளிடம் கையைப் பிசைந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார். அவள் அந்த ஊர் மகளிர் குழுத் தலைவி. சாவி அவளிடம்தான் இருக்கும்.

"மாங்கா சீசன்ல பொம்பளைங்களத் தேடினா எங்க சார் கெடைப்பாங்க?" என்றாள் செல்வம்மாள். "அல்லாரும் மாங்கூழ் பேக்டரில நிக்கறாங்க. எனக்கு இன்னிக்கி லீவு, அதனால நானாச்சும் உங்க கண்ணுல பட்டேன்."

"அப்ப என்னம்மா பண்றது?"

"அவங்க இங்க வர முடியாது. நீங்க அங்க வாங்க. நாளைக்கி சாப்பாட்டு நேரத்துல வாங்க சார், மேஸ்திரிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

மறுநாள் ரத்தினவேல் 'எழுக பெண்ணே' பேனரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கூழ் ஆலைக்குப் போனார். நாற்பத்திரண்டு பெண்கள், தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் உறை, முழங்கை வரை மாம்பழ மஞ்சள். அன்றைய பாடம் 'இல்லை என்று சொல்லப் பழகுதல்'. அவர் தாளைப் பிரிப்பதற்குள் ஒருத்தி டப்பாவைத் திறந்து அவர் கையில் இரண்டு இட்லியை வைத்தாள். அதைப் பார்த்து இன்னொருத்தி இரண்டு வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் ரத்தினவேல் எட்டு இட்லி சாப்பிட்டார். வகுப்பு முடிந்தது. பேனரைக் கட்டிப் போட்டோ எடுத்தார். ஆப் பச்சை காட்டியது.

அன்று ராத்திரி அவர் நன்றாகத் தூங்கினார். அந்த வாரத்தில் அதோடு சரி.

வியாழக்கிழமை காலையிலேயே பிரதாப் கூப்பிட்டான். "சார், கலக்கிட்டீங்க! பெங்களூரு ஹெட் ஆபீசே ஆடிப்போச்சு. தொப்பி என்ன, கையுறை என்ன! தொழிற்சாலையே ஆரம்பிச்சுக் குடுத்துட்டீங்க, ஒரு வார்த்தை சொல்லலையே!"

"இல்லைங்க சார், அது வந்து..."

"இந்த அடக்கம்தான் சார் உங்ககிட்ட. 'பெண்களே நடத்தும் மாங்கூழ் ஆலை'ன்னு கம்பெனி செய்திமடல்ல போடுறோம்."

வாயால் சொல்லத்தானே வராது என்று, ரத்தினவேல் உட்கார்ந்து தெளிவாக ஒரு மெயில் எழுதினார். 'அந்த ஆலை பெண்களுடையது அல்ல. அவர்கள் அங்கே தொழிலாளிகளாக மட்டுமே வேலை செய்கிறார்கள்.' பிரதாப் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினான். மத்தியானம் செய்திமடல் வந்தது. அதில் இப்படி இருந்தது: 'ஆலை தங்களுடையது என்ற கர்வமே இல்லாமல், இந்தப் பெண் முதலாளிகள் சாதாரணத் தொழிலாளிகளைப் போல எளிமையாக உழைக்கிறார்கள்.'

சாயங்காலம் மறுபடியும் போன். சனிக்கிழமை பெங்களூரிலிருந்து ஸ்வாதி மேடம் நேரில் வருகிறார். திட்டம் முழுவதற்கும் அவர்தான் தலைமை. எந்த சென்டர் இருக்க வேண்டும், எது வேண்டாம் என்பது அவர் கையில். முதலாளிப் பெண்களைப் பார்க்க வேண்டும், அவர்களில் ஒருத்தி பத்து நிமிஷம் பேச வேண்டும்.

"ஸ்பீச் நீங்களே எழுதிக் குடுத்துருங்க சார். நான் கொஞ்சம் மெருகேத்துறேன்," என்றான் பிரதாப்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரத்தினவேல் ஸ்பீச் தாளோடு செல்வம்மாள் வீட்டுக்குப் போனார். அவள் வாசலில் உட்கார்ந்து, விரலில் ஒட்டியிருந்த மாம்பாலை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு தாளை வாங்கி உரக்கப் படித்தாள்.

"'நான் இருளில் கிடந்தேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கத் தெரியாதவளாக இருந்தேன்.' இது யாரப் பத்தி சார்?"

"உங்களைப் பத்தித்தாம்மா."

"நானா?" செல்வம்மாள் தாளைக் கீழே வைத்தாள். "போன மாசம் தண்ணி வரலைன்னு ஹைவேல கொடத்த வச்சி அர மணி நேரம் வண்டிய நிறுத்தினது யாரு?"

"நீங்கதாம்மா."

"நான் போட்ட சத்தம் சூளகிரி வரைக்கும் கேட்டுச்சாம். எனக்கு வாய் தெறக்கத் தெரியலியா?" அவள் மறுபடி தாளை எடுத்தாள். "'ரத்தினவேல் ஐயா எங்கள் அறியாமை என்னும் கண்ணைத் திறந்து வைத்தார்.' இது?"

"அது மேனேஜர் சேர்த்தது," என்று ரத்தினவேல் மென்று விழுங்கினார்.

"அது கெடக்கட்டும். நாளைக்கி வர்றதுக்கு ஆவாது சார். லோடு நெறைய வருது. மேஸ்திரி ஒருத்தரையும் உட மாட்டாரு."

ரத்தினவேல் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். யாரிடமும் சொல்லாத மனுஷன் அன்றைக்குச் சொன்னார். "சென்டரை மூடுனா என்னையும் சேத்து மூடிருவாகம்மா. புள்ள படிச்சிட்டு இருக்கு. நான் வீட்டுக்குப் போனா அவ அம்மா போட்டோவும் நானுந்தான் மூஞ்சி மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கணும். வாரத்துல செவ்வாக்கிழமை ஒருநாள்தான் யாராவது 'சாப்டிங்களா சார்'னு கேக்காக."

வீரலட்சுமி போன பிறகு அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். பேசி முடித்ததும் வெட்கமாகிவிட்டது. செல்வம்மாள் உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு ஓசூர் பஸ் ஏறினார்.

சனிக்கிழமை எட்டு மணிக்கே வந்து நாற்பத்திரண்டு நாற்காலிகளைப் போட்டு, ஒவ்வொன்றையும் துணியால் துடைத்தார். பத்து மணிக்கு ஒரு நாய் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பதினொன்றரைக்கு ஸ்வாதி மேடத்தின் கார் வந்தது. முன் சீட்டிலிருந்து பிரதாப் குதித்து இறங்கினான்.

"நமஸ்காரா," என்றார் மேடம். காலி நாற்காலிகளை ஒரு சுற்றுப் பார்த்தார். "எங்கே நம்ம முதலாளிகள்?"

பிரதாப் ரத்தினவேலைப் பார்த்தான். ரத்தினவேல் தரையைப் பார்த்தார். இனி என்ன இருக்கிறது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். தர்ஷினிக்கு எப்படிச் சொல்வது என்ற யோசனையோடே வாயைத் திறந்தார். "மேடம், அந்த ஆலை வந்து..."

வாசலில் வேன் ஹாரன் கேட்டது. ஒன்றில்லை, இரண்டு வேன். நாற்பத்திரண்டு பெண்கள் தொப்பியும் உறையுமாகத் திமுதிமுவென்று இறங்கி வந்தார்கள். கூடம் முழுக்க மாம்பழ வாசனை. ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்கள்.

"மேஸ்திரி எப்படிம்மா விட்டாரு?" என்று ரத்தினவேல் கிசுகிசுத்தார்.

"ரெண்டு மணி நேரம் பர்மிசன். நாளைக்கி ஞாயித்துக்கெழம வந்து ஈடு கட்டறோம்னு சொல்லிட்டோம்," என்ற செல்வம்மாள் நேரே மைக்கிடம் போனாள். கையில் தாள் இல்லை.

"மேடம், அந்தப் பேக்டரி எங்களுது இல்ல. நாங்க கூலிக்கி மாங்கா அறுக்கறவங்க. யாரோ தப்பா எழுதிட்டாங்க."

ரத்தினவேல் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டார்.

"பன்னெண்டு மணி நேரம் நின்னுக்கிட்டே வேல செய்யறோம்," என்று அவள் தொடர்ந்தாள். "உக்காந்தா திட்டு உழும். ஊட்டுக்குப் போனா அங்கயும் அடுப்பாண்ட நிக்கறதுதான். இந்த சார் ஒருத்தருதான் எங்களுக்குன்னு நாற்காலி போட்டு, தொடச்சி வச்சி, வருவாங்களா மாட்டாங்களான்னு வாசலப் பாத்துக்கிட்டு இருப்பாரு. சீசன் இல்லாதப்ப நாங்க வந்து உக்காருவோம், அவரு நிப்பாரு. எங்களுக்கு நின்னுக்கிட்டு இருக்கற ஆம்பளையப் பாக்கறதே இங்கதான். அந்த ஒரு மணி நேரத்த மூடிப்புடாதீங்க."

கூடத்தில் சிரிப்பு எழுந்து அடங்கியது. ஸ்வாதி மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"அஞ்சு வருஷமா ஊர் ஊரா போறேன்," என்றார். "எல்லா ஊர்லயும் 'நான் இருளில் கிடந்தேன்'னுதான் படிப்பாங்க. ஒரே ஸ்பீச். நிஜத்தை இங்கதான் கேட்டேன். தும்பா சந்தோஷா, ரொம்ப சந்தோஷம்!" பிரதாப் பக்கம் திரும்பினார். "இந்த சென்டர் இன்னும் ரெண்டு வருஷம் நடக்கும். இவரே நடத்தட்டும். செய்திமடலை நீங்க எழுதாதீங்க."

கார் போன பிறகும் புழுதி அடங்கும்வரை ரத்தினவேல் வாசலிலேயே நின்றார். இரண்டு வருஷம்! தர்ஷினி வெள்ளை உடுப்பில் நிற்பது கண் முன்னால் வந்தது. வழக்கத்துக்கு மாறாக, அவரிடமிருந்து நல்ல கனத்த குரல் வந்தது.

"இருபத்தாறு வருசம் இரும்புலதாம்மா ஓட்டை போட்டேன். மனுசங்களுக்குன்னு ஒண்ணுமே பண்ணலையேன்னு வருத்தமா இருக்கும். இன்னைக்கு உங்களை எல்லாம் பாக்கும்போது, என்னாலயும் நாலு பொம்பளைங்க முன்னுக்கு வந்திருக்காங்கன்னு நினைக்கிறேன். அது போதும் எனக்கு."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேனில் ஏறத் தொடங்கினார்கள். கடைசியாக நின்றவள் பூங்கொடி. குழுவில் எல்லாருக்கும் இளையவள். தீர்மானம் எழுதுவது, படிவம் நிரப்புவது எல்லாம் அவள் வேலை. கையில் அட்டையும் பேனாவுமாக அவரிடம் வந்தாள்.

"சார், உங்க முழுப் பேரு, வயசு சொல்லுங்க."

"ச. ரத்தினவேல். அம்பத்தாறு."

"துணை இல்லாதவர்ன்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல டிக் அடிச்சிக்கறேன்."

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"மகளிர் குழுக் கூட்டமைப்புக்கு அனுப்பணும் சார்," என்றாள் பூங்கொடி எழுதிக்கொண்டே. "ஒவ்வொரு குழுவும் வருசத்துக்கு ஒரு சமூக சேவ செஞ்சிக் காட்டணும். போன வருசம் ஏரியத் தூர் வாரினோம். இந்த வருசம் உங்கள எடுத்திருக்கோம்."