செவன்ஸ் சார் வீட்டுத் துக்கம்

ஃபிஜி நாட்டுக்கு வெளியே ஃபிஜிக்காக உயிரை விடக்கூடிய ஒரே மனிதர் பெசன்ட் நகரில், எங்கள் எதிர் ஃபிளாட்டில் இருந்தார். ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர், தனிக்கட்டை. பெயர் என்னவோ இருந்தது. எல்லோருக்கும் அவர் செவன்ஸ் சார்.

செவன்ஸ் என்பது அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி. பாதிக்கு ஏழு நிமிடம். அவர் செயலாளராக இருந்தவரை குடியிருப்போர் சங்கக் கூட்டமும் அப்படித்தான் நடந்தது. ஏழாவது நிமிடம் விசில் ஊதுவார். எல்லோரும் எதிர்ப்பக்கம் மாறி உட்கார வேண்டும். தண்ணீர்ப் பிரச்சினை அந்தக் காலத்தில்தான் தீர்ந்தது.

ரக்பியில் பந்தைக் கையால் முன்னால் எறியக் கூடாது. பின்னால் வருபவருக்கே தர வேண்டும். தீபாவளி சமயம் ரங்கநாதன் தெருவில் என் துணிப்பையோடு வளைந்து நெளிந்து ஓடியவர், திரும்பிப் பார்க்காமல் பையைப் பின்னால் நீட்டினார். யாரோ ஒரு அம்மாள் வாங்கிக்கொண்டார்.

“பாஸ் கரெக்ட். நீங்கதான் லேட்டு” என்றார் என்னிடம்.

ஒலிம்பிக்கில் 1924-க்குப் பிறகு ரக்பி கிடையாது. ரியோவில்தான் செவன்ஸாகத் திரும்பி வந்தது. இடைப்பட்ட தொண்ணூற்றிரண்டு ஆண்டுகளைப் பற்றி, சொந்தத் தம்பி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்காததுபோலப் பேசுவார். ரியோவில் ஆண்கள் தங்கம் ஃபிஜிக்கு. டோக்கியோவிலும் அதற்கே.

பாரிஸ் இறுதி ஆட்டம் ஒரு சனிக்கிழமை. காலையிலேயே மாதா கோயிலுக்குப் போய், ஃபிஜிக்காக ஜெபிக்கச் சொல்லிவிட்டு வந்தார். கீழ்வீட்டு மேரி அக்கா கோயில் பாடகர் குழுவில் இருப்பவர். செய்தி அவர் காதுக்கு வந்தது.

“ஃபிஜிக்கு இப்போ எப்டி கீது சார்?”

“இதுவரைக்கும் நல்லாத்தான் இருக்காங்க. இன்னிக்கு நைட்டு தெரிஞ்சிரும்.”

மேரி அக்கா சிலுவை போட்டுக்கொண்டார்.

ஃபிஜி பிரான்ஸிடம் தோற்றது. அதுவரை ஒலிம்பிக்கில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத அணி. மறுநாள் காலையில் சாரின் கண்கள் சிவந்திருந்தன. “போச்சு மேரி” என்று மட்டும் சொன்னார்.

மத்தியானம் பாடகர் குழுவே சோறும் ரசமுமாக வந்து இறங்கியது.

“சின்ன வயசா சார்?” என்றார் மேரி அக்கா.

“எல்லாருமே சின்னப் பசங்கதான்.”

“எல்லாருமேவா? எத்தினி பேரு?”

“ஏழு பேரு.”

மேரி அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். இதற்கு மேல் தாங்காது என்று நான்தான் விஷயத்தை உடைத்தேன்.

மேரி அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

“அப்போ யாரும் சாவல?”

“வெள்ளி வாங்கினாங்க” என்றார் சார், தலைகுனிந்தபடி.

மேரி அக்கா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தட்டை எடுத்துச் சோறு போட்டார். “சாப்டுங்க சார். அப்பறமா எப்டித் தோத்தாங்கன்னு சொல்லுங்க.”

டம்ளர்களை ஆட்டக்காரர்களாக நிறுத்தி சார் விளக்க ஆரம்பித்தார். பொழுது சாயும்வரை ஒருவரும் எழுந்து போகவில்லை. நானும்தான்.