சயானில் நின்ற வேலன்

"...வரியைத் தொலைச்சது நீ. என்னை முறைச்சா எப்படி? மிருதங்கமா எடுத்துக் கொடுக்கும்?" வாசிப்பை நிறுத்தாமலே பல்லைக் கடித்தார் ரமணி மாமா.

மாட்டுங்கா சபாவில் என் முதல் கச்சேரி அது. யாரிடமும் முறையாகப் படிக்காமல், கேட்டுக் கேட்டே பாட வந்தவள் நான். "நன்னா பாடுவா, நான் பொறுப்பு" என்று செயலாளரிடம் பேசி அந்த அரை மணி நேரத்தை வாங்கிக் கொடுத்தவர் மாமா. சொதப்பினால் என் பாட்டோடு அவர் மானமும் போகும். அதில் நானே எழுதி மெட்டுப் போட்ட முருகன் பாட்டு வேறு. என் பாட்டுக்கு எனக்கே தாளா என்று, எழுதி வைத்ததை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். (திமிர்தான், வேறென்ன?)

'எவ்வழி வருவாய் வேலா' என்று பல்லவியில் கேட்டாகிவிட்டது. சரணத்தில் வழியைச் சொல்ல வேண்டும். மலை, அருவி, மயில் என்று என்னென்னவோ எழுதியிருந்தேன். ஒன்றும் வரவில்லை. பல்லவியையே நாலு விதமாகப் பாடினேன். முன்வரிசை "பேஷ்!" என்றது. ஐந்தாம் முறை சந்தேகமாகப் பார்த்தது.

கடைசியில், தினம் நான் வேலைக்குப் போகிற ரயில் வழிதான் வாயில் வந்தது.

"கோவண்டியில் ஏறி... செம்பூரும் தாண்டி... குர்லாவில் மாறி..." கல்யாணியில் உருகி, நேரே மாட்டுங்காவுக்குத் தாவினேன்.

தாராவியிலிருந்து வந்திருந்த என் சித்தப்பா பின்வரிசையில் எழுந்தே விட்டார். "ஏ புள்ள, நடுவுல சயான் ஸ்டேசன் எங்க போச்சு? நாங்க எங்க எறங்க?"

அரங்கமே சிரித்தது. மாமா ஒரு விநாடி கண்ணை மூடினார். பிறகு ரயில் கிளம்புகிற மாதிரி மிருதங்கத்தை உருட்டினார் பாருங்கள்! நானும் வண்டியைப் பின்னால் எடுத்து, 'சயானில் நின்று' என்று சேர்த்துக்கொண்டேன். முன்வரிசை மாமிகள் தொடையில் தாளம் போட்டார்கள். மாட்டுங்காவில் வேலனை இறக்கிவிட்டபோது எழுந்த கைதட்டல் அடங்கவே இல்லை. (இன்றும் நான் ரசத்துக்கு உப்புப் போட மறந்தால் என் வீட்டுக்காரர் "சயான்!" என்றுதான் குரல் கொடுப்பார்.)

மேடைக்குப் பின்னால் செயலாளர் ஓடி வந்தார். "என்ன சரணம்மா அது! அடுத்த மாசம் சாயங்காலக் கச்சேரி உங்களோடதுதான்."

அந்த நொடி பார்த்து, பாழாய்ப்போன மலையும் அருவியும் மயிலும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன.

"சார், நெசமான சரணம் அது இல்ல..." என்று ஆரம்பித்தேன்.

ரமணி மாமா தன் தட்டிலிருந்த போண்டாவை முழுசாக என் வாயில் திணித்தார்.