மறைந்த மாமனார் எழுதுவது

சேசு மரி சூசை துணை

செக்காலை, காரைக்குடி
21-9-1969

மகா கனம் பொருந்திய ஆசிரியர் அவர்களின் சமூகத்துக்கு, ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர் அருளானந்தம் அநேக வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் ஆண்டவர் கிருபையால் நான் உயிரோடு இருக்கிறேன். தங்கள் பத்திரிகை வேறு விதமாகச் சொல்வதால் இதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் ஞாயிறு இதழில் 'மாமனார் வீட்டிலிருந்து' எழுதும் ஞானசேகர் என் மாப்பிள்ளை. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் என்றுதான் பெண்ணைக் கொடுத்தேன். கல்யாணமான மறு வருஷமே வேலையை விட்டுவிட்டு எழுத்தாளர் ஆகிவிட்டார். போதாததற்கு நாடகம் வேறு. ஒத்திகை என்ற பெயரில் மீசை ஒட்டிய நாலு பேர் என் வீட்டுக் கூடத்தில் செத்துச் செத்து விழுகிறார்கள். காபி வந்ததும் எழுந்துகொள்கிறார்கள். பொறுத்தேன். நான் குறட்டை விட்டது, பனியனைத் திருப்பிப் போட்டது எல்லாம் வாராவாரம் அச்சேறியது, அதையும் பொறுத்தேன்.

போன ஞாயிறு நடந்ததைக் கேளுங்கள். மாப்பிள்ளை நாடக டிக்கெட்டோடு வருவதைக் கண்டதும் நான் ஒளிந்துகொண்டதை அவர், "மாமனார் மறைந்தார். தேடினால் கதவுக்குப் பின்னால் நிற்கிறார்" என்று எழுதி அனுப்பினாராம். இடம் போதவில்லை என்று கதவை நீங்கள் வெட்டிவிட்டீர்கள். "மாமனார் மறைந்தார்" என்று கட்டுரை முடிகிறது. கீழே தடித்த கறுப்புக் கோடு.

திங்கள் காலை பல் விளக்கிக்கொண்டிருக்கிறேன், தெருமுனையில் ஒப்பாரி. தேவகோட்டை பஸ்ஸை விட்டு இறங்கி என் தங்கச்சி அடைக்கலமேரி நெஞ்சில் அடித்துக்கொண்டு வருகிறாள். "எங்கள விட்டுட்டுப் போயிட்டீகளே அண்ணே!" நான் எங்குட்டும் போகல தாயி, பல்லு வெளக்குறேன்னு சொன்னா, ஏற இறங்கப் பார்த்துட்டு, "அட, இருக்கீகளா? வழி பூரா அழுதுக்கிட்டு வந்தேனே!"ன்னு என்கிட்டயே கோவிச்சுக்கிறா. அதுக்குள்ள மளிகைக்கடை பீர் முகம்மது பெரிய ரோசா மாலையோட வந்து நின்னாரு. "வாங்குனது வாங்கியாச்சு மாஸ்டர், சும்மா போட்டுக்கங்க"ன்னு கழுத்துல போட்டுட்டாரு. என் பழைய மாணவன் அழகுசுந்தரம், இப்ப சப்-இன்ஸ்பெக்டர், "பேசுறதுக்குத் தயார் பண்ணிட்டு வந்துட்டேன் சார்"னு தொப்பியைக் கழட்டிட்டு, மாஸ்டர் போல ஒரு மனுசன் இனிமே பிறக்கப் போறதில்லைன்னு கண்ணீரோட பேசுறான். நான் மாலையும் கழுத்துமா கேட்டுக்கிட்டு நிக்கிறேன். பொய் சொல்வானேன் ஐயா, எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அழ வந்த கூட்டத்திடமே மாப்பிள்ளை நாடக டிக்கெட் அத்தனையையும் விற்றுத் தீர்த்தார் பாருங்கள், அங்கேதான் என் மானம் போயிற்று.

ஆகையால், அவர் எழுதட்டும். என் மகளின் வீட்டில் அடுப்பு எரிவது அதில்தான். ஆனால் இனி என்னைப் பற்றி ஒரு வரி வந்தாலும் கோர்ட்டுக்குப் போவேன். ஊரில் ஆடு மாடு, மழை வெயில் எத்தனையோ இருக்கின்றன.

தங்களுக்கும், குடும்பத்தாருக்கும், அந்தக் கதவை வெட்டிய புண்ணியவானுக்கும் தேவ ஆசீர் பெருகுவதாக.

இப்படிக்கு,
திடகாத்திரமாக உள்ள
அருளானந்தம்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது இன்றைய இதழ் வந்தது. என் சத்தத்துக்குப் பயந்து மாப்பிள்ளை என்னை அடியோடு விட்டுவிட்டு, முழுக்க முழுக்க என் மனைவி அருளம்மாளைப் பற்றி எழுதியிருக்கிறார். அவள் அதைத் தெருவில் போவோர் வருவோரையெல்லாம் நிறுத்தி வாசித்துக் காட்டுகிறாள். நானும் ரெண்டு தரம் தேடிவிட்டேன், என் பேச்சே இல்லை. இது என்ன அநியாயம்? மேலே கண்ட யாவற்றையும் ரத்து செய்யவும். நேற்று நான் கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன், வாளியும் என் மேலேயே விழுந்தது. மாப்பிள்ளைக்குத் தெரியாது. நீங்கள் சொல்லிவிடுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.