விண்ணப்பப் பொத்தானுக்கு மேலே இருப்பவர்கள்

அன்பும் பொறுமையும் மிகுந்த மாப்பிள்ளை கௌதம்ராஜுக்கு,

ராஜபாளையத்திலிருந்து உன் மாமன் சமுத்திரம் எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் சுகம். கோவையில் நீ சுகமாக இருக்க வேண்டும், என் தங்கைக்கு, அதாவது உன் அம்மாவுக்கு, முழங்கால் வலி குறைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இங்கு சுகம் என்று எழுதியது வழக்கத்துக்காக. உண்மையில் எனக்கு ரெண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

எங்கள் கல்லூரி நாடகத் துறையும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லூரி நாடகத் துறையும் சேர்ந்து நடத்தப்போகிற முதுகலைப் படிப்புக்கு நீ ஒரு இணையப் பக்கம் செய்து கொடுத்தாயே, மேலே ஒத்திகைப் படம், நடுவில் முதல் வருஷம் இங்கே நடிப்பு, ரெண்டாம் வருஷம் அங்கே இயக்கம் என்று நாலே வரி, கீழே ‘விண்ணப்பிக்க’ என்று பச்சைப் பொத்தான், எம்புட்டு லட்சணமாக இருந்தது! வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் எட்டு விண்ணப்பமாவது வராவிட்டால் படிப்பையே ரத்துசெய்துவிடுவோம் என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. இன்று புதன். வந்திருப்பது ஒன்று. பெயர் என்ற இடத்தில் ‘டெஸ்ட்’ என்று இருப்பதால் அதுவும் நீ அனுப்பியதுதான் என்று நினைக்கிறேன்.

வினை எங்கள் கல்லூரிச் செயலாளர் இருளப்பசாமியிடம் ஆரம்பித்தது. “சார், கோயில் கொடை விழாவுக்கு ஃப்ளெக்ஸ் வச்சாக்கூட நம்ம போட்டோ இருக்கு. இதுல ஒரு மூலையில போடக்கூடாதா?” என்று கேட்டார். மனுஷன் ஆசையாகக் கேட்கிறாரே என்று நீ கொடுத்த பாஸ்வேர்டை ஃப்ளெக்ஸ் கடை சிவபாண்டியிடம் கொடுத்துவிட்டேன், அங்கேதான் கெட்டது. மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூர்ச் செயலாளர் அதே அளவில் ஏறிவிட்டார். உடனே எங்கள் பொருளாளர், அவர்கள் பொருளாளர், மேடைக்கு நாற்காலி கொடுத்தவர், அதற்குப் போட்டியாக மைக் செட் கொடுத்தவர், கும்பிட்ட கையோடு சிலர், காதில் செல்போனோடு சிலர், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு ஒருத்தர், அவர் யாரென்று ரெண்டு கல்லூரியிலும் தெரியவில்லை. “கொஞ்சப் பேரை எடுப்பா” என்று கெஞ்சினால் சிவபாண்டி, “ஏத்துன ஆளை இறக்குனா நாளைக்கு என் கடைக்கு எவன் சார் வருவான்?” என்கிறான்.

இதில் எனக்கு வயிறு எரிவது மாரிசெல்வத்தை நினைத்துத்தான். நம்ம பழைய மாணவன், பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு இந்தப் படிப்புக்காகவே காத்திருக்கிறவன். நேற்று டீ இடைவேளையில் போன் பண்ணினான். “சார், போன்ல அந்தப் பக்கத்தைத் தள்ளுதேன் தள்ளுதேன், ஆளுக வந்துக்கிட்டே இருக்காவ. படிப்பைக் காணோம். பொறவு போனே நின்னுபோச்சு” என்றான். ஸ்ரீவில்லிபுத்தூர்த் துறைத் தலைவர் சத்யப்பிரியா, ரெண்டு ஊரிலும் புத்தியுள்ள ஒரே ஜீவன், போனிலேயே அழுதுவிட்டார். “இதுக்காக எத்தனை ஆபீஸ் படி ஏறுனோம் சார், எல்லாம் இந்த மீசைகளுக்கு அடியில போயிருச்சே” என்றார். எனக்கு பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. இது போனால் மறுபடி கிடைக்காது. அந்தப் பையன் கட்டுத்துணி மடித்தே காலத்தைக் கழிப்பான்.

அதனால் நீ இதைப் பார்த்த கையோடு உள்ளே நுழைந்து ஒரு தலை விடாமல் வழித்துவிடு. யார் வீட்டுப் பெரிய மனுஷன் என்று பார்க்காதே. படிப்பு நடத்துகிற இடத்தில் மூஞ்சியைக் காட்ட வேண்டும் என்ற இந்த அற்ப ஆசை எனக்குப் பிடிபடவே இல்லை. சண்டை வந்தால் கம்ப்யூட்டர் கோளாறு என்று சொல்லிக்கொள்கிறேன்.

உனக்குச் சீக்கிரம் நல்ல இடத்தில் பெண் அமையட்டும், மேலதிகாரி தொல்லை ஒழியட்டும்.

இப்படிக்கு,
உறக்கம் கெட்ட உன் மாமன்,
சமுத்திரம்

பின்குறிப்பு: எழுதி முடித்து, அனுப்பாமல் சாப்பிடப் போய்விட்டேன். நல்லதாய்ப் போயிற்று. ஒரு போட்டோவிலும் கை வைத்துவிடாதே! பதினோரு விண்ணப்பம் வந்திருக்கிறது. ஒவ்வொருத்தரும் தன் படம் வந்த பக்கத்தைச் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் அனுப்பியிருக்கிறார். அவர்களும் நம்ம ஆளுக்குக் கீழே யார் யாரைப் போட்டிருக்கிறான் என்று பார்க்கக் கடைசிவரை தள்ளிக்கொண்டே போயிருக்கிறார்கள். அங்கேதானே பொத்தான் இருக்கிறது! மாரிசெல்வமும் சிவபாண்டி கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து போட்டுவிட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. படிப்பு பிழைத்தது மாப்பிள்ளை.

இத்துடன் நான் கோட் போட்டு எடுத்த படம் ஒன்று இணைத்திருக்கிறேன். பெரிதாக வேண்டாம், இருளப்பசாமியைவிட ஒரு விரற்கடை சிறிதாக இருக்கட்டும். சத்யப்பிரியாவும் ஒரு படம் அனுப்புகிறாராம், அதற்கு மட்டும் மேலே வை.