உங்கள் அலுமாரியில் சும்மா கிடக்கும் முகமூடி

ஸ்டோவ்னர், ஒஸ்லோ.
சித்திரை 21, செவ்வாய்க்கிழமை.

துரொண்ட்ஹெய்மில் அக்கா சிறிதேவியோடு வாழ்ந்துவரும் மதிப்புக்குரிய யோகராசா அத்தானுக்கு, மைத்துனன் சச்சிதானந்தன் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் வசந்தமலரும் மகள் ஆரபியும் சுகம். உங்கள் இருவரின் சுகத்துக்கும் குறைவில்லை என்று நம்புகிறேன். சுகம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதினேன். உண்மையில் எனக்குச் சுகமில்லை, நித்திரை இல்லை, இன்னும் இரண்டரைக் கிழமையில் வேலையும் இல்லாமல் போகலாம். இது அக்காவுக்குத் தெரிய வேண்டாம். வாசித்ததும் கிழித்துவிடுங்கள்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று யோசிப்பீர்கள். லில்லெஸ்ட்ரோமில் நடந்த, எங்கள் சொந்தக்காரப் பிள்ளை கம்சிகாவின் கலியாணத்துக்கு மாசி மாதம் நீங்கள் இருவரும் வந்து எங்கள் வீட்டில் மூன்று நாள் தங்கிப் போன பிறகு, உங்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. நான் போன் எடுத்தால் அக்காதான் கதைக்கிறா. நீங்கள் குளிக்கிறீர்களாம். இரண்டு மாதமாய்க் குளிக்கிறீர்கள். உபசரிப்பில் என்ன குறை வைத்தோம் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. கோபம் என்னவாக இருந்தாலும் அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு இதைத் தயவுசெய்து முடிவு வரை வாசியுங்கள். எனக்கு உங்களிடம் ஓர் உதவி வேண்டும்.

உங்களுக்கும் எனக்கும் ஒரே வருத்தம், நித்திரையில் மூச்சு நின்று நின்று வருவது. ஆஸ்பத்திரி இருவருக்கும், மூக்கில் முகமூடி மாட்டிக்கொண்டு படுக்கிற ஒரே மாதிரிக் காற்று மெசினைத்தான் தந்தது. நீங்கள் அது மூக்கைக் கடிக்கிறது என்று சொல்லி ஒரு கிழமையில் கழற்றி அலுமாரிக்குள் வைத்தீர்கள். புது முகமூடி கேட்டால் சும்மா தருவார்கள் என்று நான் சொன்னபோது, இந்த அரசாங்கத்திடம் போதுமான அளவு வாங்கிவிட்டோம், மூக்குக்கும் போய்க் கேட்க வேண்டுமா என்று என் வாயை அடைத்தீர்கள். நான் பஸ் ஓடுகிறவன், உங்களைப்போல ரோசம் பார்க்க எனக்கு வசதியில்லை. ஒவ்வோர் இரவும் குறைந்தது நாலு மணித்தியாலமாவது முகமூடி போட்டுப் படுத்தேன் என்பதற்குச் சாட்சி இருந்தால்தான் டொக்டர் என் ஓட்டுநர் பத்திரத்துக்குக் கையெழுத்து வைப்பார். சாட்சி சொல்வது வேறு யாருமல்ல, அந்த மெசின்தான். என் தலைமாட்டில் இருந்துகொண்டு, நான் எத்தனை மணிக்குப் படுத்தேன், எப்போது கழற்றினேன் என்று விடிய முதலே ஆஸ்பத்திரிக்குக் கோள் சொல்லிவிடுகிறது. முப்பத்தொரு வருசம் கூட வாழ்ந்த வசந்தமலர்கூட என்னைப் பற்றி இவ்வளவு விபரமாய் யாரிடமும் சொன்னதில்லை.

தை மாதம் முகமூடியின் ரப்பர் விளிம்பு கிழிந்தது. ஆஸ்பத்திரியின் உபகரணப் பிரிவுக்குக் கணினி வழியாகப் புதியதற்கு எழுதினோம். ஆரபிதான் எழுதித் தந்தாள். முகமூடி, குழாய், வடிகட்டி எல்லாம் பொதியாய் வரும் என்று பதில் வந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை. மாசி போய்ப் பங்குனியும் வந்தது. அதற்கிடையில் கிழிசலுக்கு பிளாஸ்டர் ஒட்டினேன். பிளாஸ்டர் ஒட்டிய இடத்தால் காற்று விசிலடிக்கத் தொடங்கியது. வசந்தமலர் இரண்டு இரவு பொறுத்தாள், மூன்றாம் நாள் தலையணையோடு ஆரபியின் அறைக்குக் குடிபெயர்ந்தாள். அந்த விசிலில் எனக்கே நித்திரை கலைந்து இரண்டு மணிக்கெல்லாம் கழற்றி எறிந்துவிடுகிறேன். மெசின் அதையும் சொல்லிவிடுகிறது. பகலில் பஸ் ஓடும்போது கண் சொருகாமல் இருக்க மிளகு வாயில் போட்டு மென்றுகொண்டு ஓடுகிறேன். உண்மையைச் சொன்னால் எனக்கே பயமாக இருக்கிறது அத்தான். பின்னால் அறுபது பேர் இருக்கிறார்கள்.

உபகரணப் பிரிவுக்குப் போன் எடுத்தேன். நான் பதினேழாவது ஆளாய்க் காத்திருப்பதாக ஒரு குரல் சொன்னது. நான் ஏழாவது ஆளாய் வந்தபோது என் இடைவேளை முடிந்தது. அடுத்த நாள் மூன்றாவது ஆள் வரைக்கும் வந்தேன், அன்றைக்கு அவர்கள் பூட்டுகிற நேரம் ஆகிவிட்டது. பிறகு, வேலைத்தலத்தில் எங்களுக்குச் சுகாதாரக் காப்புறுதி இருக்கிறதே என்று நினைவு வந்து அங்கே எடுத்தேன். அங்கே உடனேயே ஒரு பிள்ளை எடுத்தாள், மிகவும் அன்பான பிள்ளை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஏற்கெனவே உள்ள வருத்தத்துக்கான சாமான்கள் காப்புறுதிக்குள் அடங்காது, ஆனால் முகமூடி கிடைக்காத கவலையால் எனக்கு மனஅழுத்தம் இருந்தால் அதற்கு ஆறு தடவை ஆலோசகரிடம் அனுப்பலாம் என்றாள். முகமூடிக்கு வழியில்லை, முகமூடி இல்லாத கவலைக்கு வழியிருக்கிறது. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன்.

கடைசியில் போன கிழமை லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கே நேரே போனேன். உபகரணப் பிரிவில் இருப்பவள் பெயர் கரோலினா. கணினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பக் கணினியைப் பார்த்தாள். பொதி மாசி மாதம் ஆறாம் திகதி அனுப்பப்பட்டதாம், ஸ்டோவ்னர் கடைத்தொகுதியில் எட்டாம் திகதி யாரோ வந்து எடுத்ததாகவும் பதிவு இருக்கிறதாம். ஒருவருக்கு இத்தனை மாதத்துக்கு ஒரு முகமூடி என்று கணக்கு, உங்களுக்குரியது போய்விட்டது, இனி மார்கழியில்தான் என்றாள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. வீட்டுக்கு வந்து விசாரணை வைத்தேன். பொதிகளை எடுத்து வருவது ஆரபி. அவளுக்குக் கிழமைக்கு மூன்று சட்டை வரும், இரண்டைத் திருப்பி அனுப்புவாள்.

"அப்பா, ஸ்லாப் ஆவ், ஆறுதலா இருங்கோ. எனக்கு எத்தினை பொதி வருது, எல்லாத்தையும் கொண்டந்து விறாந்தையில வைக்கிறனான். அதில ஆற்ற பேர் கிடந்தது எண்டு நான் பாக்கிறேல்லை" என்றாள்.

வசந்தமலரைக் கேட்டேன். அவளுக்குக் கேள்வியே பிடிக்கவில்லை.

"இந்த வீட்டில ஒரு பெட்டி அசைஞ்சாலும் எனக்குத் தெரியும். அப்பிடியொண்டு வந்திருந்தா நான் காணாம விடுவனே? அவங்கள் வேற ஆருக்கும் குடுத்துப்போட்டு உங்களைப் பேய்க்காட்டுறாங்கள். நீங்கள் வாயில்லாப் பூச்சி, அதுதான்" என்றாள்.

வாயில்லாப் பூச்சி என்றது எனக்குச் சுட்டுவிட்டது. அன்றைக்கே உட்கார்ந்து நொர்வேஜிய மொழியில் இரண்டு பக்கம் முறைப்பாடு எழுதினேன். முப்பது வருசம் வரி கட்டியவன் என்பதில் தொடங்கி, என் வீட்டு வாசற்படியை அப்படியொரு பொதி மிதிக்கவேயில்லை என்று முடித்துக் கையெழுத்தும் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கரோலினா முகம் சுளிக்கவில்லை. "நீங்கள் கையெழுத்து வைத்துச் சொன்னால் நாங்கள் நம்புகிறோம். மேலே அனுப்பிப் பார்க்கிறேன், ஆனால் நாள் எடுக்கும்" என்றாள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

நாள்தான் என்னிடம் இல்லை. வைகாசி எட்டாம் திகதி வெள்ளிக்கிழமை டொக்டரிடம் போக வேண்டும். இப்போது அவர் பார்த்த பதிவில் நான் தேறமாட்டேனாம். கடைசி இரண்டு கிழமையாவது ஒழுங்காய் நாலு மணித்தியாலம் காட்டினால் கையெழுத்து வைப்பதாகச் சொல்லி, ஒரு பச்சைநிறப் படிவத்தையும் தந்து விட்டிருக்கிறார். அதை நிரப்பிக்கொண்டு போக வேண்டும். இதோ சாப்பாட்டு மேசையில், இந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில்தான் அது கிடக்கிறது. கையெழுத்து இல்லையென்றால் பஸ் இல்லை. ஐம்பத்தெட்டு வயதில் நான் வேறு என்ன வேலைக்குப் போவது? ஆரபியின் படிப்பு முடிய இன்னும் ஒன்றரை வருசம் இருக்கிறது.

ஆகவே அத்தான், சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். உங்கள் அலுமாரியில் சும்மா கிடக்கும் முகமூடியை எனக்குத் தாருங்கள். அது உங்களுக்கு வேண்டாதது, எனக்கு அதுதான் சோறு. எங்கள் பக்கத்து வீட்டு றொனால்ட் நாளை காரில் துரொண்ட்ஹெய்முக்கு வருகிறான், வியாழக்கிழமை திரும்புகிறான். அவனிடம் கொடுத்துவிட்டால் வியாழன் இரவே தொடங்கிவிடுவேன். பதினைந்து இரவு கிடைக்கும். வசந்தமலர் வழக்கம்போல அக்காவுக்கு மிளகாய்த்தூளும் முறுக்கும் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். யார் வந்தாலும் போனாலும் வெறுங்கையோடு அனுப்பிப் பழக்கமில்லை அவளுக்கு. நீங்கள் கலியாணத்துக்கு வந்து திரும்பியபோதும் ஒரு பெட்டி தந்து விட்டது நினைவிருக்கும்.

பெரியவர் நீங்கள், நான் ஏதும் பிழை செய்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். அக்காவின் முழங்கால் நோ குறைந்து, உங்கள் இருவருக்கும் எல்லா நலமும் கூடி வரட்டும்.

இப்படிக்கு,
நித்திரைக்கு ஏங்கும் உங்கள் மைத்துனன்,
க. சச்சிதானந்தன்.

பி.கு.: அத்தான், மேலே எழுதிய எல்லாவற்றையும் எப்படி அழிப்பது என்று தெரியவில்லை. திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை, ஆகையால் அப்படியே அனுப்புகிறேன். கடிதத்தை மடிக்கிற நேரம் அக்கா போன் எடுத்தா. வசந்தமலர் போனை மேசையில் வைத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் போட்டுவிட்டுப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். அக்கா மிளகாய்த்தூள் முடிந்த கதை கதைத்து, முழங்கால் கதை கதைத்து, பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னா:

"வசந்தமலர், உமக்கு நான் ஒரு நன்றி சொல்லோணும். போனமுறை நீர் தந்த பெட்டியில முறுக்குக்குக் கீழ, கடதாசிக்கு அடியில அந்த மூக்கு மூடி கிடந்துது. மனுசன் அதைக் கண்டிட்டுக் கொதிச்சுப்போனார். தான் உங்கட வீட்டில குறட்டை விட்டதைக் குத்திக் காட்டத்தான் புதுசா வாங்கி வைச்சு விட்டிருக்கினம் எண்டு இண்டைவரைக்கும் கோவம். ஆனா கோவத்தோட ஒருநாள் போட்டுப் பாத்தவர், பிறகு ஒரு ராவும் கழட்டேல்லை. இருபத்திரண்டு வருசத்துக்குப் பிறகு நான் விடியுமட்டும் நித்திரை கொள்ளுறன். தம்பிக்குச் சொல்லாதையும், அத்தானுக்கு வெக்கம்."

வசந்தமலரின் கையில் ஒட்டுநாடா அப்படியே நின்றது. ஆரபி கொண்டுவந்து வைத்த பெட்டியைத் தான்தான் திறந்ததாகவும், கசக்கிய கடதாசி மட்டும் தெரிந்ததால் பிள்ளை சட்டையை எடுத்துவிட்டாள் என்று நினைத்ததாகவும், நல்ல மொத்தமான பெட்டியை ஏன் எறிவான் என்று, யாருடைய பெயர் கிடக்கிறது என்று பாராமலே என் பெயருக்கு மேல் உங்கள் பெயரை எழுதி ஒட்டி முறுக்கை அடுக்கியதாகவும் பிறகு மெல்லச் சொன்னாள். நான் ஒன்றும் கதைக்கவில்லை. வாயில்லாப் பூச்சிதானே.

அந்த முகமூடியைத் திருப்பி அனுப்ப வேண்டாம் அத்தான். சத்தியமாய்ச் சொல்கிறேன், அக்கா நித்திரை கொள்கிறா என்று கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீங்களே வைத்திருங்கள். நாளைக் காலை நான் கரோலினாவிடம் போய், பொதி என் வாசற்படியை மிதித்தது, உள்ளே வந்தது, முறுக்கோடு துரொண்ட்ஹெய்முக்கும் போனது என்று சொல்ல வேண்டும். முறுக்கு என்பதை அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவேனோ தெரியாது. புதியதை மார்கழியில் தருவாளோ, இல்லை இனித் தரவே மாட்டாளோ, அதுவும் தெரியாது. உங்களது பழைய முகமூடி, அந்த மூக்கைக் கடிக்கிறது, அதுதானே இப்போது உண்மையில் சும்மா கிடக்கிறது? அதைத் தாருங்கள். பதினைந்து இரவுதானே, கடிக்கட்டும்.

இன்னொன்று. இந்தக் கடிதத்தைப் பெட்டிக்குள் வைக்க நான் விடவில்லை, றொனால்டின் கையில்தான் கொடுக்கிறேன். பெட்டி ஒட்டி முடிந்து கதவடியில் இருக்கிறது, இனித் திறக்க வசந்தமலர் விடமாட்டாளாம். சாப்பாட்டு மேசையும் துப்புரவாய் இருக்கிறது. மிளகாய்த்தூளை எடுத்த பிறகு பெட்டியை எறியாமல் அடியில் ஒருமுறை வடிவாய்ப் பாருங்கள். பச்சைநிறப் படிவத்தைக் காணவில்லை.