கூட்டாமல் குறைக்காமல்

"மைனஸை மைனஸால பெருக்கினா மைனஸ்தான்னு உங்க சார் சொல்றாரு. நீங்க கையில பிளஸ் காட்டியிருக்கீங்க. ஃபெயில்."

சான்றிதழ் அலுவலக எழுத்தர் ஜன்னல் வழியாகத் தாளை வெளியே தள்ளினார்.

"பிளஸ்தானே சரி?" என்றாள் அவள்.

"கணக்கு சரியா தப்பான்னு நாங்க பாக்கறதில்லம்மா. சார் சொன்னது அப்படியே கையில வந்துச்சான்னுதான் பாப்போம். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, திருத்தக் கூடாது. விதி ஒன்பது."

அவளுடைய அம்மா, அப்பா இருவருக்கும் காது கேட்காது. வாய் பேசுவதற்கு முன்பே அவளுக்குக் கை பேசியது. காது கேளாத ஒரே ஒரு மாணவிக்காக ஒரு பள்ளியில் சைகைமொழி மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து, ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு வரை அந்த மாணவியோடு கூடவே ஏறி வந்திருக்கிறாள். பிள்ளைகள் வைத்த பெயர் 'கை மிஸ்'. இப்போது புது விதி. பிறந்ததிலிருந்து பேசுகிற மொழி அவளுக்குத் தெரியும் என்று யாரோ எழுதிக் கொடுக்க வேண்டுமாம். வகுப்பில் எடுத்த அரைமணி நேர வீடியோவை அனுப்பி, பருவம் முடிவதற்குள் தேற வேண்டும். தேறாவிட்டால் வேலை இல்லை.

சிக்கல், கணக்கு சார். சாக்பீஸ் தூசு ஒத்துக்கொள்ளாது என்று போர்டுப் பக்கமே போகமாட்டார். எல்லாம் வாய்தான். அந்த வாயில் வருவது பாதி தப்பு. மூன்று வருஷமாக அவள் சத்தமில்லாமல் கையிலேயே திருத்திக்கொண்டிருந்தாள்.

இன்னொரு தொல்லை, மற்ற நாற்பது பிள்ளைகள். சாரை விட்டுவிட்டு அவளையே வெறிப்பார்கள். "நான் என்ன சர்க்கஸா?" என்று ஒருமுறை கத்தியும் பார்த்துவிட்டாள். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. வேடிக்கை பார்க்கிற ஜென்மங்கள் என்று கைகழுவிவிட்டாள்.

ஆசிரியர் அறைக்குப் போனாள்.

"சார், அடுத்த வீடியோ அன்னிக்குக் கொஞ்சம் பாத்துப் பேசுங்க."

"என்னத்தப் பாத்து?"

"அந்த மைனஸ்..."

"கெட்டவனும் கெட்டவனும் சேந்தா நல்லவனாயிடுவானா? இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ம்மா எனக்கு. உன் கை எனக்குப் பாடம் நடத்துதா?"

இரண்டாவது வீடியோவில் சார் கணக்கையே தொடவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளின் திமிர், அதிலிருந்து தன் மருமகனின் திமிர், அதிலிருந்து மருமகனின் ஸ்கூட்டர் என்று அரைமணி நேரமும் போனது. அவளுக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பெண்ணின் பாடம் போகிறதே என்று பின்னக் கணக்கை நடத்திவிட்டாள்.

"ஸ்கூட்டர் விடுபட்டிருக்கு. அந்த இடத்துல பின்னம் வந்திருக்கு. ஃபெயில்" என்றார் எழுத்தர். "இன்னும் ஒரே ஒரு தடவைதான்மா."

தலைமையாசிரியையிடம் முறையிட்டாள். அவர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததில் சாருக்குப் பதற்றம் கூடி, முக்கோணத்துக்கு நாலாவதாக ஒரு கோணம் முளைத்தது. தலைமையாசிரியைக்குக் கணக்கு தெரியாது, தலையாட்டினார். வெளியே வந்து சொன்னார்: "அவர் சொல்றதைச் சொல்லிட்டுப் போயேன்மா. உனக்கென்ன வந்துச்சு?"

சரி, அப்படியே ஆகட்டும் என்று முடிவெடுத்தாள். பழக்கம் வரட்டும் என்று அன்றிலிருந்து ஒவ்வொரு வகுப்பிலும் அச்சு பிசகாமல் காட்டினாள். நாலு கோண முக்கோணம், மைனஸ், மருமகன், இருமல் உட்பட. மதிய இடைவேளையில் மட்டும் அந்தப் பெண்ணை வராந்தாவில் உட்காரவைத்து, "இன்னிக்கு வந்ததுல இதெல்லாம் பொய்" என்று கையால் பட்டியல் போட்டாள். இடைவேளைக்கு விதி எதுவும் இல்லை.

மூன்றாவது வீடியோ நூற்றுக்கு நூறு. தலைமையாசிரியை சான்றிதழைச் சட்டம் போட்டுத் தன் அறைச் சுவரிலேயே மாட்டினார்.

அதே வாரம் கணக்குப் பரீட்சை முடிவும் வந்தது. அவளை அந்த அறைக்குக் கூப்பிட்டார்கள். கணக்கு சாரும் இருந்தார். வகுப்புத் தலைவி மூலையில் நின்றாள்.

"காது கேக்காத பொண்ணு தொண்ணூத்தொண்ணு. காது நல்லா கேக்கற நாப்பது பேரும் ஃபெயில். போன பருவம் வரைக்கும் எல்லாரும் பாஸ்! என்ன நடக்குது இங்க?" என்றார் தலைமையாசிரியை.

"இவதான் மதியத்துல அந்தப் பொண்ணுக்கு மட்டும் கேள்வித்தாளைக் காட்டியிருக்கணும்" என்றார் சார்.

சுவரில் மாட்டிய சான்றிதழ் இறங்கப்போகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நீ சொல்லுடி, ஏன் ஃபெயிலானீங்க?" என்று மூலைப் பக்கம் திரும்பினார் தலைமையாசிரியை.

வகுப்புத் தலைவி சாரைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. கைகள் எழுந்தன. வேகமாக, ஒரு பிழையில்லாமல், வாக்கியத்தின் கடைசியில் மணிக்கட்டை லேசாகச் சுண்டி. அந்தச் சுண்டல் கை மிஸ்ஸுடைய அம்மாவின் பழக்கம். அம்மாவிடமிருந்து மிஸ்ஸுக்கு வந்தது.

"என்ன சொல்றா இவ? நீதானே மொழிபெயர்ப்பாளர், சொல்லு!"

அவள் சுவரைப் பார்த்தாள். விதி ஒன்பது. கூட்டாமல் குறைக்காமல் திருத்தாமல் சொன்னாள்:

"சார் பேசறதைக் கேக்கறதை நாங்க ஆறாவதுலயே விட்டுட்டோம் மேடம். கை மிஸ்ஸைப் பாத்துத்தான் படிச்சோம். இப்ப அவங்களும் சார் மாதிரியே பேச ஆரம்பிச்சிட்டாங்க."