கிரேனுக்குக் கை காட்டிய பதவி

உலகத்தில் பாதுகாப்பு என்ற ஒன்று பிறந்ததே எங்கள் அலுவலகத்தில்தான். அதைத் தாலாட்டி வளர்ப்பவர் எங்கள் மேலாளர். ஆகவே, கேன்டீன் கூரைமேல் சாய்ந்துகொண்டிருந்த பட்டமரத்தை எடுக்க கிரேன் வருகிறது என்றதும், முதல் வேலையாகக் கூட்டம் போட்டார்.

கிரேன் வேலையில் ஒரு விதி உண்டு. ஓட்டுநர் ஒரே ஒருவரின் கையைத்தான் பார்க்க வேண்டும். தூக்கு, இறக்கு, திருப்பு எல்லாம் அந்தக் கை சொல்வதுதான். 'நிறுத்து' மட்டும் யார் காட்டினாலும் செல்லும். இதைப் படித்துத் தேறியவள் அலுவலகத்தில் நான் ஒருத்திதான். மரத்தில் ஏறப்போகிறவர் என் சித்தப்பா. அவர் மரம் ஏறி ஏறித்தான் நான் கல்லூரிப் படி ஏறினேன்.

"சார், நான் கை காட்டறேன்."

"நீ நேத்து வந்த பொண்ணு. அத்தனை பெரிய கட்டை உன் விரலுக்குக் கட்டுப்படுமா? அதுக்கு ஒரு பதவி வேணும்மா," என்றார் மேலாளர்.

கூட்டம் நெகிழ்ந்தது. சைகை மேலாளர் 'பதவி'க்கு வழங்கப்பட்டது. துணை மேலாளருக்குத் 'துணைச் சைகை'. கணக்கர் மனம் நோகக் கூடாதே என்று அவருக்கு 'மாற்றுச் சைகை'. எனக்கு, மேலாளரின் வெள்ளைக் கையுறையைத் துவைத்து வைக்கும் பொறுப்பு.

மரம் எடுக்கும் நாளன்று சித்தப்பா உச்சியில் தன்னை பெல்ட்டால் கட்டிக்கொண்டு, பெரிய கிளையில் கிரேனின் தூக்குப்பட்டையை மாட்டினார். கீழே மூன்று பேர் கை ஆட்டினார்கள். கிரேன் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏம்மா, பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி ஆளாளுக்குக் கைய ஆட்டறாங்க. நான் யாரப் பாக்க?"

"வெள்ளைக் கையுறையப் பாருங்கண்ணே." அதுதான் எனக்கு உத்தரவு.

மேலிருந்து சித்தப்பா கேட்டார்: "பாப்பா, அவருக்கு கிரேனப் பத்தித் தெரியுமா?"

"பாதுகாப்பப் பத்தித் தெரியும், சித்தப்பா."

"அப்ப சரி, நான் செத்தேன்," என்றபடி ரம்பத்தை ஓடவிட்டார்.

கிளை அறுந்து கிரேனில் தொங்கிய நேரம் பார்த்து, நிறுவனத் தலைவரின் கார் வாசலில் நுழைந்தது. மேலாளர் கிரேனை மறந்தார். முகமெல்லாம் பல்லாக, வெள்ளைக் கையுறையை ஆட்டி 'வாங்க, வாங்க' என்று காரை அழைத்தார். ஓட்டுநர் கீழ்ப்படிந்தார். காருக்கு முந்திக்கொண்டு கட்டை வந்தது. வழியில் சித்தப்பா இருந்தார்.

ஓடிப்போய் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து நின்றேன். அதுதான் 'நிறுத்து' சைகை.

கிரேன் நின்றது. சித்தப்பாவின் மூக்குக்கு ஒரு முழம் தள்ளிக் கட்டை ஆடிக்கொண்டிருந்தது.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றார் சித்தப்பா. "மறுமுனை உங்க தலைக்கு மேலதான் இருக்கு."

மேலாளர் அண்ணாந்து பார்த்தார். இரு கைகளையும் தூக்கிக்கொண்டு அலறினார். அலுவலகப் புகைப்படக்காரர் அதை அழகாக எடுத்தார்.

விசாரணை நடந்தது. என்மீதுதான்.

"உன்னைக் கை காட்டச் சொன்னது யாரு?" என்றார் துணை மேலாளர்.

"மேல எங்க சித்தப்பா இருந்தாரு சார்."

"ஓ, சொந்தக்காரங்களுக்குச் சலுகை."

அடுத்த வாரம் பாதுகாப்பு விருது விழா. மேலாளர் கை தூக்கிய படம் மேடை அகலத்துக்குத் தொங்கியது. அதன் கீழே, 'விபத்தைத் தடுத்த கைகள்'. தலைவர் கேடயம் கொடுத்தார். பின்கட்டில் நிற்கும் மரத்துக்கும் இதே கைகள்தான் சைகை காட்டும் என்று அறிவித்தார். ஏறப்போவது சித்தப்பாதான் என்பதை அறிவிக்கவில்லை. அரங்கம் கைதட்டியது.

நான் எழுந்து இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து நின்றேன்.

"பாருங்க, நம்ம பொண்ணு சந்தோஷத்துல பறக்குது," என்றார், விபத்தைத் தடுத்தவர்.